டர்பனுக்கு வருகிறவர்களுக்கு: எந்த இடம், எந்த நேரம், என்ன மரியாதை

டிசம்பர் விடுமுறைக்கு ஊரிலிருந்து யாராவது எங்கள் வீட்டுக்கு வருவார்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே போனில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "டர்பன்ல பயமில்லாம வெளிய போகலாமா?" தாராளமாகப் போகலாம் என்று சொன்னால் பொய். வாசலைத் தாண்டாதீர்கள் என்று சொன்னாலும் பொய். 16 வருஷமாக இந்த ஊரில் குடும்பத்தோடு இருக்கிறேன். காலையில் கடற்கரையில் நடக்கிறேன், சனிக்கிழமை சந்தைக்குப் போகிறேன், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். ஆனால் கடைகள் அடைத்த பிறகு நகர மையத்தில் காரை விட்டு இறங்குவதில்லை. இந்த இரண்டும் ஒரே ஊரில் எப்படி ஒத்துப்போகின்றன என்பது புரிந்துவிட்டால், பாதுகாப்புக் குறிப்புகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும்.

முதலில் கசப்பான கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான ஓராண்டில் தென்னாப்பிரிக்கக் காவல்துறை பதிவு செய்த கொலைகள் 27,621. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு முழுவதும் பதிவானவை 28,522. ஏறக்குறைய ஒரே எண்தான். ஆனால் இந்த நாட்டில் இருப்பது 6 கோடிச் சொச்சம் பேர், இந்தியாவில் 140 கோடி. வருகிறவர்களிடம் இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை என்று நினைக்கிறேன். அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கொலைகள் நாடு முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை. குறிப்பிட்ட சில காவல் நிலைய எல்லைகளில் குவிந்து கிடக்கின்றன. டர்பன் பக்கத்தில் இனாண்டா, உம்லாசி ஆகிய இரண்டு பெயர்களும் பட்டியலின் மேல்பகுதியில் திரும்பத் திரும்ப வரும். செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கேயே வாழும் ஏழைகள். சுற்றுலா வந்தவருக்கு நேருவது பெரும்பாலும் பறிப்பு: போன், பை, சங்கிலி, கார் கண்ணாடி.

ஏன் சில இடங்களில் மட்டும்? இந்த ஊர் கட்டப்பட்ட விதம் அப்படி. 1950இல் குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று அரசாங்கம் கோடு போட்டது. நகராட்சியில் வேலை பார்த்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த மேகசின் பாரக்ஸ் காலியானது. கேட்டோ மேனரில் வாழைத் தோட்டமும் கோயிலுமாக இருந்தவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்காக 1960களில் தெற்கே சாட்ஸ்வொர்த், 1970களில் வடக்கே ஃபீனிக்ஸ். கறுப்பின மக்களுக்கு, அதைவிட நெருக்கமாக, உம்லாசியும் க்வாமாஷுவும். நகர மையமும் கடற்கரையும் வெள்ளையருக்கு. 1991இல் சட்டம் போய்விட்டது, சாலையும் வீடும் வேலைக்கான தூரமும் அப்படியே நின்றுவிட்டன. வேலையில்லாதோர் 100க்கு 30க்கும் மேல். காலையில் லட்சக்கணக்கானோர் மினிபஸ் டாக்சியில் நகரத்துக்கு வருகிறார்கள். மாலையில் அத்தனை பேரும் ஒரே மூச்சில் திரும்புகிறார்கள். அதன் பிறகு அலுவலகத் தெருக்கள் வெறிச்சோடிப் போகும். பகலில் பாண்டி பஜார் போல நெரிசலாக இருந்த தெரு, 7 மணிக்கு ஆளில்லாத தெரு. ஆபத்து என்பது அந்த வெறுமைதான்.

அதனால் இங்கே பார்க்க வேண்டியது இடமும் நேரமும். எதிரே வருகிறவரின் நிறம் இல்லை.

நிறத்தைப் பார்த்துப் பயப்படும் பழக்கம் நம்மவர்களிடம் நிறையவே இருக்கிறது என்பதை மனசு விட்டு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அம்மாவின் தம்பியான என் மாமாவும் அத்தையும் முதல் தடவை வந்தபோது ஒரு கடைவளாகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். வாசலில் சீருடையில் ஒரு கறுப்பினக் காவலர் நின்றிருந்தார். அவரைக் கண்டதும் அத்தை கைப்பையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். நான் பார்த்தேன், அந்த மனிதரும் பார்த்தார். 12 மணி நேரம் அங்கே நின்று அத்தையின் பையையும் சேர்த்துக் காவல் காப்பதுதான் அவர் வேலை. ஒன்றும் சொல்லவில்லை, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அதே அத்தை உள்ளே போய், சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் போனை வைத்துவிட்டுத் தட்டு வாங்கக் கிளம்பினார். பயப்பட வேண்டிய இடத்தில் பயம் வரவில்லை, வேண்டாத இடத்தில் வந்தது.

இந்தக் காயம் இங்கே ஆழமானது. 1949 ஜனவரியில் டர்பனில் நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். இந்தியர், ஆப்பிரிக்கர் இரண்டு தரப்பிலும் சாவு விழுந்தது. 2021 ஜூலையில் கடைகள் சூறையாடப்பட்ட அந்த ஒரு வாரத்தில் நாடு முழுக்க 350க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்த நாட்களில் இரவெல்லாம் தெருமுனையில் காவல் நின்ற இந்தியக் குடும்பங்களும், பிள்ளையைப் பறிகொடுத்த கறுப்பினக் குடும்பங்களும் இன்றும் ஒரே கடையில் ரொட்டி வாங்குகிறார்கள். விருந்தாளியாக வந்தவர் "அன்னிக்கு என்னதான் நடந்தது?" என்று மேசையில் தூக்கிப் போடுகிற பேச்சு இல்லை இது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். தீர்ப்பு மட்டும் சொல்லாதீர்கள்.

ஒரு சொல்லைப் பற்றியும் எச்சரித்தாக வேண்டும். ஆப்பிரிக்கர்களைக் குறிக்கத் தமிழில் 'காப்பிரி', 'காப்பிலி' என்று பழைய சொல் இருக்கிறது. அரபியில் பிறந்து போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்தது. வயதானவர்கள் கெட்ட எண்ணமே இல்லாமல் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே வேரிலிருந்து வந்த சொல்தான் இந்த நாட்டிலேயே மிகக் கொடிய வசை. அடிமையைப் போல நடத்தப்பட்ட காலம் முழுக்க அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஜோஹானஸ்பர்க்கில் ஒரு கறுப்பினப் போலீஸ்காரரை அந்தச் சொல்லால் திட்டிய பெண்ணுக்கு 2018இல் நீதிமன்றம் சிறைத்தண்டனையே விதித்தது. தமிழில்தானே பேசுகிறோம், யாருக்குப் புரியும் என்று நினைக்காதீர்கள். அந்த ஒலி புரியும். நம்மவர்களை 'கூலி' என்று கூப்பிட்டால் எப்படி எரியுமோ அப்படி எரியும்.

கண்ணாடிக்குள்ளே

டர்பனில் சாலை சிக்னலுக்கு ரோபோட் என்று பெயர். "அடுத்த ரோபோட்ல லெஃப்ட்" என்று யாராவது வழி சொன்னால் எந்திர மனிதனைத் தேட வேண்டாம். வந்த இரண்டாம் நாள் மாமா முன்சீட்டில் உட்கார்ந்து, மடியில் போனை வைத்து ஊரிலிருந்து வந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோபோட் சிவப்பு. பட்டப்பகல். இடது பக்கம் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். ஜன்னல் முழுவதும் கல் உப்பு மாதிரி பொடிப்பொடியாக அவர் மடியில் கொட்டியது. ஒரு கை உள்ளே வந்து போனை எடுத்துக்கொண்டு போய்விட்டது. 4 நொடிகூட ஆகியிருக்காது. ஸ்பார்க் பிளக்கில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்று போதும், கார்க் கண்ணாடியில் லேசாகப் பட்டாலே உடைந்துவிடும். மாமாவுக்குக் கையில் சின்னச் சின்னக் கீறல்கள், வேறொன்றுமில்லை. ஆனால் அன்று இரவு முழுக்க அவர் தூங்கவில்லை. தப்பு என்னுடையது. ஏறும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது யார் காரில் ஏறினாலும் முதலில் அதைத்தான் சொல்கிறேன். போன் சட்டைப்பைக்குள்ளோ சீட்டுக்கு அடியிலோ. கைப்பை டிக்கியில். அதையும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே டிக்கியில் வைத்துவிட வேண்டும். போன இடத்தில் நிறுத்திவிட்டு, எல்லாரும் பார்க்க டிக்கியைத் திறந்து பையை வைத்துவிட்டு நடந்தால், அங்கே என்ன இருக்கிறது என்று நீங்களே அறிவித்தது போல. ரிமோட்டை அழுத்திக் காரைப் பூட்டியதும் கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பூட்டும் அலையை மறிக்கும் கருவி வைத்திருக்கிற திருடர்கள் இருக்கிறார்கள். விளக்கு சிமிட்டாமல் போனதை நீங்கள் கவனிக்கவில்லை என்றால் கார் திறந்தே கிடக்கும்.

யார் வீட்டுக்காவது போகிறீர்களா? தெருமுனைக்கு வரும்போதே போன் செய்துவிடுங்கள். அவர்கள் ரிமோட்டில் கேட்டைத் திறந்து வைத்திருப்பார்கள், நீங்கள் நேராக உள்ளே போய்விடலாம். கேட்டுக்கு முன் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் கார்க் கடத்தல் நடக்கிறது. அதனால் இங்கே சொல்லாமல் போய் நிற்பது நெருங்கிய சொந்தத்திலும் வழக்கமில்லை. நம் ஊரில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் "என்ன, விருந்தாளி மாதிரி" என்று கோபித்துக்கொள்வார்கள். இங்கே சொல்லாமல் போனால் அவர்களைக் கலவரப்படுத்துகிறீர்கள். உயரமான மதிலையும் மின்கம்பியையும் ஜன்னல் கம்பிகளையும் பார்த்து "ஜெயில் மாதிரி இருக்கே" என்று சொல்லவும் வேண்டாம். அந்தக் கம்பியைப் போட வைத்த இரவு ஒன்று ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கும்.

சாலை மரியாதைகள் வேறு. ஹாரன் என்பது இங்கே பேச்சு இல்லை, கோபம். மினிபஸ் டாக்சிக்காரர்கள் ஆள் கூப்பிட அடிப்பது மட்டும் விலக்கு. நெடுஞ்சாலையில் மெதுவாகப் போகிறவர் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் ஒதுங்கி உங்களுக்கு வழி விட்டால், கடந்து போனதும் நான்கு பக்க விளக்கையும் இரண்டு தடவை சிமிட்ட வேண்டும். அதுதான் நன்றி. அவர் ஒரு தடவை ஹெட்லைட்டை அடித்துப் பரவாயில்லை என்பார். மின்சாரம் போய் ரோபோட் அணைந்திருந்தால் யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போவார், பிறகு அடுத்தவர். போலீஸ் இல்லாமலே இது ஒழுங்காக நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் மனசு நிறையும்.

கார் நிறுத்தும் இடங்களில் ஒளிரும் மேலாடை போட்ட ஒருவர் கை காட்டி வழி சொல்வார். கார் கார்டு, அதாவது கார்க் காவலர், என்பார்கள். பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது, நாம் கொடுக்கும் நாணயம்தான். திரும்பி வந்து கிளம்பும்போது 5 ரேண்டோ 10 ரேண்டோ கொடுங்கள். பெட்ரோல் பங்கில் கண்ணாடி துடைத்து விடுகிறவருக்கும் அதேதான். உணவகத்தில் பில்லில் 100க்கு 10 முதல் 15 வரை சேர்த்து வைப்பது வழக்கம்.

வாடகைக் காருக்கு ஊபர், போல்ட் இரண்டும் உண்டு. வண்டி எண்ணைச் சரிபார்த்து, கட்டடத்துக்கு உள்ளே நின்று காத்திருந்து, வந்ததும் ஏறுங்கள். சில கடைவளாக வாசல்களிலும் டாக்சி நிலையங்களுக்குப் பக்கத்திலும் பழைய டாக்சிக்காரர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய பகை. ஓட்டுநர் "கொஞ்சம் தள்ளி வாங்க" என்றோ "முன்சீட்ல உட்காருங்க" என்றோ கேட்டால் காரணம் அதுதான். மினிபஸ் டாக்சியில் பகலில், இந்த ஊர்க்காரர் ஒருவரோடு போய்ப் பார்க்கலாம். பின்னால் இருந்து காசு கைமாறிக் கைமாறி முன்னால் போகும், மீதிச் சில்லறை அப்படியே திரும்பி வரும். உங்கள் தோளைத் தட்டி யாராவது நோட்டை நீட்டினால் வாங்கி முன்னால் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். முன்சீட்டில் உட்கார்ந்தால் கணக்குப் பார்க்கும் வேலை உங்களுடையது, மனக்கணக்கு வராதவர் பின்னால் உட்காரலாம்.

ஏடிஎம்மில் உதவி செய்ய வருகிற யாரிடமும் உதவி வாங்காதீர்கள், எவ்வளவு நல்ல உடை போட்டிருந்தாலும் சரி. பணம் எடுப்பது வங்கிக்குள்ளோ கடைவளாகத்துக்குள்ளோ இருக்கட்டும். தங்கம் பற்றிப் பெண்களிடம் சொல்வது எனக்குச் சங்கடம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தாலிச்சங்கிலி வெளியே தெரியக் கூடாது. எங்கள் தெருவில் பல பெண்கள் தங்கச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் கோத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். அத்தையும் அப்படித்தான் செய்தார். யாராவது மிரட்டிக் கேட்டுவிட்டால் எதிர்த்துப் பேச வேண்டாம், இழுத்துப் பிடிக்க வேண்டாம், கொடுத்துவிடுங்கள். போலீஸுக்கு 10111, ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. தனியார் மருத்துவமனையில் சேர்க்கும்போது காப்பீடோ முன்பணமோ கேட்பார்கள், அதனால் பயணக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

'உன்னைப் பார்த்தேன்'

ஜூலு மொழியில் வணக்கம் 'சவுபோனா'. நம் காதுக்கு முதல் தடவை வேறு மாதிரி விழும், பழகிவிடும். பலர் இருந்தால் 'சனிபோனானி'. பதிலுக்கு 'யெபோ'. நன்றிக்கு 'ங்கியாபோங்கா'. அந்த வணக்கத்தின் வேரில் இருப்பது பார்த்தல்: உன்னைப் பார்த்தேன், நீ இங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது. அதனால் கடையில் போய் நின்றதும் "இது என்ன விலை?" என்று ஆரம்பிப்பது இங்கே முரட்டுத்தனம். முதலில் வணக்கம், எப்படி இருக்கிறீர்கள், அப்புறம்தான் விலை. வயதானவரை 'பாபா', 'மாமா' என்று கூப்பிடலாம். ஜூலுவில் பாபா என்றால் அப்பா, மாமா என்றால் அம்மா! என் மாமாவை நான் மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பாட்டி வயதுக்காரர் 'கோகோ'. எதையாவது வாங்கும்போது இரண்டு கையாலும் வாங்குங்கள், அல்லது வலக்கையை நீட்டி இடக்கையால் முழங்கைப் பக்கம் தாங்கிக்கொள்ளுங்கள். கோயிலில் விபூதி வாங்குகிறோமே, கிட்டத்தட்ட அதே பாவனை. நமக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை.

இந்தப் பழக்கம் பாதுகாப்பும்கூட. தினமும் போகும் தெருவில் காவலருக்கும் பழம் விற்கிற கோகோவுக்கும் கார் கார்டுக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனால், நீங்கள் வந்ததும் போனதும் நான்கு பேருக்குத் தெரியும். ஒரு நாள் மாலை நான் சந்தைக்குப் பின்பக்கச் சந்தில் திரும்பியபோது, மக்காச்சோளம் சுட்டு விற்கும் அம்மா ஒருவர் அடுப்பை விட்டு எழுந்து வந்து, அந்தப் பக்கம் போகாதே என்று தலையை ஆட்டினார். ஏன் என்று நான் கேட்கவில்லை, திரும்பிவிட்டேன்.

வார்விக் சந்தையும் விக்டோரியா தெரு மார்க்கெட்டும் பார்க்காமல் டர்பனைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. நாளொன்றுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடந்து போகும் இடம் வார்விக் சந்திப்பு. அங்கே இருக்கும் அதிகாலைச் சந்தையில் தோட்டக்காரத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் கீரையும் முருங்கையும் விற்கிறார்கள். 2009இல் அதை இடித்து வணிக வளாகம் கட்ட நகராட்சி முயன்றது. வியாபாரிகள் எல்லா இனத்தவரும் சேர்ந்து நின்று தடுத்தார்கள். தெரு வியாபாரிகளோடு வேலை செய்யும் ஆசியே எதாஃபுலேனி என்ற அமைப்பு காலையில் வழிகாட்டியோடு நடத்தி அழைத்துப் போகிறது. தனியாக அலைவதைவிட அதுதான் நல்லது. காசும் அவர்களுக்கே போகும். மூலிகைச் சந்தையில் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது அவர்களுக்கு வைத்தியமும் வழிபாடும் நடக்கிற இடம். கடற்கரையில் மணிமணியாகக் கோத்த கொம்புத் தலைப்பாகையோடு நிற்கும் ரிக்‌ஷாக்காரரைப் படம் எடுத்தாலும் காசு கொடுக்க வேண்டும். அவர் பிழைப்பு அதுதான்.

பன்னி சௌ சாப்பிடுகிறவர் கரண்டி கேட்க வேண்டாம். முழு ரொட்டியை நான்காக வெட்டி, ஒரு துண்டின் நடுவைக் குடைந்து, அதில் ஆட்டுக்கறிக் குழம்பையோ அவரைக் குழம்பையோ ஊற்றித் தருவார்கள். "குவார்ட்டர் மட்டன்" என்றால் கால் ரொட்டி என்று அர்த்தம், கறியின் எடை இல்லை. குடைந்தெடுத்த பஞ்சு மேலே மூடி மாதிரி இருக்கும். முதலில் அதைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து ஆரம்பிக்க வேண்டும். பிறகு மேலிருந்து சுவரைப் பிய்த்துப் பிய்த்துக் கீழே இறங்க வேண்டும். பக்கவாட்டில் ஓட்டை போட்டால் எல்லாம் மடியில்.

நம்மவர் வீட்டில்

ஊரிலிருந்து வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது ஜூலுக்காரர்களிடம் இல்லை, இங்கேயே பிறந்த தமிழர்களிடம்தான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர், பெரும்பகுதி சென்னை வழியாக. இன்று நான்காம், ஐந்தாம் தலைமுறை. வீட்டுப் பேச்சு ஆங்கிலம். "தமிழரா இருந்துக்கிட்டு தமிழ் தெரியாதா?" என்ற கேள்வியை அவர்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். தயவுசெய்து இன்னொரு தடவை கேட்காதீர்கள். கரும்புத் தோட்டத்து லயத்தில் திண்ணைப் பள்ளி நடத்திக் காப்பாற்றிய மொழி, ஆங்கிலம் இல்லாவிட்டால் வேலை இல்லை என்ற காலத்தில் நழுவிப்போனது. அப்படியும் தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவில், போற்றப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிய நோட்டைப் பார்த்துத்தான் பாடுவார். ழகரம் வராது. ஒரு சொல்லும் விட்டுப்போகாது.

பெயரைப் பார்த்துச் சாதி கணக்குப் போடுவதும் வேண்டாம். கோவெண்டர், மூட்லி, பிள்ளை, நாயுடு, படையாச்சி எல்லாம் இங்கே வெறும் குடும்பப் பெயர்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனதும் முதலி மூட்லி ஆனதும் எழுத்தர்களின் பேனாவில். அத்தை அந்த ஆன்ட்டியிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். ஆன்ட்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் மாறியது. "அதையெல்லாம் கப்பல்லேயே விட்டுட்டு வந்துட்டோம்மா" என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவரே உள்ளே போய் ஒரு பழுப்புக் காகிதத்தின் நகலைக் கொண்டுவந்தார். கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பதிவு. பெயர், அப்பா பெயர், வயது, எண், மாவட்டம் வட ஆற்காடு, ஊர். ஊர்ப் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாய்விட்டுப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தார். போளூர்ப் பக்கம் அப்படி ஒரு ஊர் இருப்பதாக அவருக்கு நினைவு வந்தது. ஆன்ட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. இப்படிப்பட்ட காகிதம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. பரிசு கொண்டு வருவதைவிட அதை உட்கார்ந்து படித்துக் கொடுப்பது பெரிய காரியம்.

கோயில்களில் வழக்கம் நம் ஊர்தான், சில வித்தியாசங்களோடு. மவுண்ட் எட்ஜ்கோம், இசிபிங்கோ மாரியம்மன் கோயில்களில் பெரிய திருவிழா புனித வெள்ளியில் நடக்கும். தோட்டத் தொழிலாளிக்கு அன்றுதான் விடுமுறை கிடைத்தது, அம்மனும் அன்றே வந்துவிட்டாள். ஆடியில் கூழ் ஊற்றுவார்கள், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள், புரட்டாசி முழுக்கப் பல வீடுகளில் கறி கிடையாது. அந்த மாதத்தில் விருந்தாளியாகப் போய் மட்டன் பன்னி வாங்கி வராதீர்கள். சாமி வந்து ஆடுகிறவரின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். கோயிலுக்கு வெளியே காரில் பையை விட்டுவிட்டு வராதீர்கள். கூட்டமான திருவிழா நாளில் திருடனும் வருவான்.

காந்தி 1904இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு இனாண்டா பக்கம் இருக்கிறது. நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள். கொஞ்ச தூரத்தில்தான் 1994இல் மண்டேலா தன் முதல் வாக்கைப் போட்ட ஒஹ்லாங்கே பள்ளி. இரண்டையும் காலையில், வழிகாட்டியோடு, ஒரே பயணமாகப் பாருங்கள். தனியாக ஜிபிஎஸ்ஸை நம்பிப் போக வேண்டாம்.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை. 1952 முதல் இங்கே சுறாவைத் தடுக்க வலை போடுகிறார்கள். அதனால் சுறாவைவிட இழுப்பு நீரோட்டத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். கொடிகளுக்கு நடுவில், உயிர்காப்பாளர் இருக்கும்போது மட்டும் இறங்குங்கள். சேலையோடும் வேட்டியோடும் இறங்காதீர்கள், நனைந்த துணி காலைக் கட்டிவிடும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், கழிவுநீர் நிலையங்களும் உடைந்தன. அப்போதிருந்து கடல்நீர் சுத்தமாக இருக்கிறதா என்று நகராட்சி சொல்வதைப் பார்த்துவிட்டே போகிறோம். புத்தாண்டு நெரிசலில் குழந்தைகளுக்குக் கையில் அடையாளப் பட்டை கட்டி விடுவார்கள், வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். நடைபாதையில் விடியற்காலை ஓடுகிறவர்களோடு நடக்கலாம், இருட்டியதும் வந்துவிடுங்கள்.

கிங் ஷாகா விமான நிலையம் ஊருக்கு வடக்கே 35 கிலோமீட்டர். மாமாவும் அத்தையும் கிளம்பிய அன்று பகல் வெளிச்சத்திலேயே புறப்பட்டோம். வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். கிளம்புகிறவர் 'சாலா காஹ்லே' என்று சொல்ல வேண்டும், நலமாக இரு. நிற்கிறவர் சொல்வது 'ஹம்பா காஹ்லே', நலமாகப் போ. அத்தை கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, மிச்சமிருந்த சில்லறையை இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு, "ஹம்பா காஹ்லே, பாபா" என்று மாற்றிச் சொல்லிவிட்டார். பங்கில் நின்றிருந்த பெரியவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நான் எங்கேயும் போகவில்லை அம்மா, நீங்கள்தான் போகிறீர்கள் என்று சரியான சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். அத்தை திருப்பிச் சொன்னார். ஜன்னலை நானே ஏற்றிவிட்டு நெடுஞ்சாலைக்குத் திரும்பினேன்.